வாசற்படிக்கு முன் மூன்று மிதி

ஆறு மணிக்கு மாத்திரை. ஆறு நாற்பதுக்கு மிதி. சூர்யகலா வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே நிற்கும் கணவரைப் பார்த்தபடி வலக்காலை ஓங்கித் தரையில் ஊன்றுகிறார். பிறகு இடக்கால். மீண்டும் வலக்கால். "மிதிய்யா" என்கிறார். படிக்கு உட்புறம் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்ட தட்சணாமூர்த்தியின் பாதம் மூன்றாவது மிதியில் எழுந்து படியைத் தாண்டுகிறது. அவருக்குப் பார்க்கின்சன் நோய்.

சூர்யகலாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தொரு பருவம் வேலை செய்தவர். வெள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்களை நிழலிலும் விரிப்பதில்லை. புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை; அதன் பையில் மாத்திரை டப்பா. வேலைக்குப் போகும்போதும் அது கூடவே போகும். நலம் விசாரிப்பவர்களுக்கு ஒரே பதில்: "நடுக்கம் அவருக்குக் கையில, எனக்கு நெஞ்சுல."

நெஞ்சுக்கு நடுக்கம் வந்த ஆண்டு 2020. ஊரடங்கு அறிவித்த அன்று டப்பாவில் நாற்பத்தொரு மாத்திரைகள். ஒரு நாளைக்கு மூன்று வேண்டும். மாத்திரை வாங்கும் புதுச்சேரிக்குப் பேருந்து இல்லை, எல்லையும் மூடியிருந்தது. இரண்டு வீடு தள்ளி வசிக்கும் நான் அவருக்காக அதிகாரிகளுக்கு மூன்று மனுக்கள் எழுதினேன். நகல்களும் ஒப்புகைச் சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன, பதில்கள் இல்லை.

சூர்யகலா மாத்திரைகளைப் பாதியாக உடைக்கத் தொடங்கினார். "டாக்டரே போன்ல அரை போதும்னு சொல்லிட்டாரு" என்று கணவரிடம் பொய் சொன்னார். நாளுக்கு நாள் கணவரின் உடல் இறுகியது. சோறு விழுங்கச் சிரமம்; சட்டைப் பொத்தானுக்குக் கால் மணி நேரம். முகமும் அசைவற்றுப் போனதால் அவர் கோபமாக இருக்கிறாரா, பயந்திருக்கிறாரா என்று மனைவிக்கே தெரியவில்லை. குழாயடியில், கை நடுக்கம்கூட கொரோனாதான் என்று யாரோ கிளப்பிவிட, சூர்யகலாவின் குடத்தை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னார்கள். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை தட்சணாமூர்த்தி வாசற்படியில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். கையைப் பிடித்து இழுத்தபோது சாயப் பார்த்தார். அவரைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திவிட்டு, பொத்தான் பூட்டாத சட்டையைச் சரிசெய்யப் போன சூர்யகலாவின் கையில் அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு தட்டுப்பட்டது. உள்ளே கண்ணாடி இல்லை. ஒன்பது அரை மாத்திரைகள் இருந்தன. மதியத்து அரையை விழுங்கியதாகக் காட்டிவிட்டு, அவர் அதைச் சேர்த்துவந்திருக்கிறார்.

"இன்னாய்யா இது?"

"டப்பாவ எண்ணிட்டேன் கலா. தீந்துபோச்சுன்னா நீ எங்க போய் அலைவ?"

மனைவி குறைத்ததற்கு மேல் கணவரும் குறைத்திருந்தார். என் வீடு வரை கேட்டது அழுகை என்றுதான் நினைத்து ஓடினேன். பாதி அழுகை, பாதி சிரிப்பு. "ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல திருடிக்கினு இருந்திருக்கோம்ணே" என்றார் என்னிடம். பிறகு கணவரை நோக்கித் திரும்பி, இருந்த கோபம் முழுவதையும் காலில் இறக்கித் தரையை மிதித்தார். "பாத்தி மிதிக்கத் தெரியாதா உனக்கு? மிதிய்யா!"

பருவத் தொடக்கத்தில் உப்புப் பாத்தியின் களிமண் தரையைக் கெட்டிப்படுத்த, எல்லோரும் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் மிதிப்பது இங்குள்ள வழக்கம். அவர்கள் இருவரும் அருகருகே மிதித்தவர்கள். மூன்றாவது மிதியில் அவர் பாதம் எழுந்தது.

பத்து நாட்களுக்குப் பின் கிராமச் செவிலியர் வினோதினி தம் ஸ்கூட்டரில் ஒரு மாதத்து மாத்திரைகளைக் கொண்டுவந்தார். அவரே தம் கைபேசியில் மருத்துவரையும் பிடித்துக் கொடுத்தார். மாத்திரையை இனிக் குறைக்கவே கூடாது என்று கண்டித்த மருத்துவர், மிதியைப் பற்றிக் கேட்டதும், அதை விடாதீர்கள் என்றாராம். சூர்யகலா இதைச் சொல்லும்போது மட்டும் கண்கள் கொஞ்சம் விரியும். "நம்ம பாத்தி வேலையும் வைத்தியந்தானாம், பாத்துக்கோ."

நோய் போகவில்லை. இப்போது ஒரு நாளைக்கு ஐந்து மாத்திரை. ஆனால் எண்ணும் வேலையை இருவரும் சேர்ந்து, உரக்கச் செய்கிறார்கள். "மனசுல எண்ணுனாத்தான் பயம்" என்பது சூர்யகலா கண்ட முடிவு.

இந்த ஜனவரியில் பாத்தி மிதிக்கும் நாளன்று சூர்யகலா கணவரையும் அழைத்துப் போய் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வரிசையின் முதல் ஆளாக இறங்கியவர், அரைப் பாத்தி முடிந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். முழங்காலில் கை, முகம் சேற்றை நோக்கி. பின்னால் வரிசையும் நின்றது.

தட்சணாமூர்த்தி ஏதோ சொன்னார். தேய்ந்துபோன அந்தக் குரல் காற்றைத் தாண்டவில்லை. நாற்காலிக் கையைப் பற்றி எழுந்தார்; ஆடியபடி நின்றார். பிறகு வரப்பில் வலக்காலை ஊன்றினார். இடக்கால். மீண்டும் வலக்கால்.

சூர்யகலா நிமிராமலே சேற்றிலிருந்து காலை எடுத்தார்.