சிக்காகோவில் பிடித்த பாதம்

குன்னத்துகால் என்ற ஊரில் கனகதாஸ் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். மிஷன் பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய ஆங்கில விளையாட்டு இதழ்கள் ஒரு கட்டு அவர் கைக்கு வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நான்கு வருடம் படித்தார். படித்ததெல்லாம் 'கேட்ச்' குஸ்தி பற்றித்தான். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வளர்த்த முறை அது. எங்கே பிடி கிடைக்கிறதோ அங்கே பிடிக்கலாம், காலையும் விடவேண்டியதில்லை. எதிராளியின் இரண்டு தோளையும் தரையில் அழுத்த வேண்டும், அல்லது அவனே தோற்றேன் என்று சொல்ல வேண்டும்.

அதில் ஒரு சண்டை அவரை விடவே இல்லை. 1911, சிக்காகோ. உலகப் பட்டம் வைத்திருந்த காட்ச் என்ற அமெரிக்கர், மூன்று வருடம் முன்பு தன்னிடம் தோற்ற ஹாக்கன்ஷ்மிட் என்பவரை மறுபடியும் வென்றார். கடைசியில் போட்டது பாதத்தைப் பிடித்து முறுக்கும் பிடி. தோற்றவரோ, தன் முழங்கால் முட்டு முன்னமே கெட்டிருந்தது என்றார்.

"பிடிச்சது பாதம், கெட்டது முட்டாம். சாக்கு சொல்லுதான்," என்றார் கனகதாஸ்.

"எந்த முட்டுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள் மனைவி ஆனந்தபாய்.

"இல்ல."

"அப்போ சிக்காகோவுக்குப் போயி ஒரு கட்டுப் போட்டுட்டு வாரும்."

1954 தை மாதம், கொல்லத்துப் பயில்வான் சதாசிவன் பாறசாலையில் கேட்ச் குஸ்திக்கு ஆள் கேட்டார். பனையேறும் பொன்னையன் வருகிறேன் என்றான். அந்த வருடம் குஸ்தி வெறும் குஸ்தியாக இருக்க முடியாது. அப்போது மலையாள நாட்டோடு இருந்த அந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்றவர்கள் பொன்னையன் பக்கம். கூடாதென்றவர்கள் சதாசிவன் பக்கம்.

பொன்னையன் கனகதாஸைத் தேடி வந்து காலை நீட்டினான். "கால் போனா பனை போச்சு ஆசானே. அடுத்த மாசம் ஏறணும்."

கனகதாஸ் சிக்காகோ கதையைச் சொல்லிக்கொண்டே பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். இருபது வருடம் தளாப்பு என்ற நார்வளையத்தை மாட்டிப் பனையை அணைத்த பாதம். வேறு யாரும் அலறுகிற இடத்தையும் தாண்டித் திரும்பியது.

"இந்தக் காலுக்கு அந்தப் பிடி செல்லாது மக்கா. அவன் பாதத்தக் கேட்டா குடு."

"முட்டு?"

"முட்டுல அவன் கையே வைக்க மாட்டானாக்கும்."

மணல் கொட்டிய களத்தில் கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சதாசிவன் பாதத்தைப் பிடித்தார். பொன்னையன் கொடுத்தான். முறுக்கினார். பொன்னையன் குப்புறக் கிடந்தபடியே சிரித்தான்.

"வலிக்கலியே அண்ணே! இன்னும் கொஞ்சம் திருப்பும்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. சதாசிவன் பாதத்தை விடாமல், காலை மடக்கித் தன் உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்தார். கணுக்கால் திரும்பும் மட்டும் திரும்பி நின்றது. மிச்ச முறுக்கு மேலே ஏறியது. பொன்னையனின் முட்டுக்குப் பின்னால் நரம்பு கயிறுபோல் புடைப்பதைக் கனகதாஸ் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அத்தனை பேர் நடுவில் தோற்றேன் என்று அவன் சொல்லமாட்டான்.

கனகதாஸ் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துக் களத்தில் எறிந்தார். துண்டை எறிந்தால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்று அன்று காலை எல்லாருக்கும் விளக்கியவரும் அவர்தான்.

"எலே, ஆசான் மலையாளத்தானுக்கு வித்துப்போட்டாரே!"

ஒரு கல் அவர் காதை உரசிப் போனது. சதாசிவன் மட்டும் பிடியை விட்டு எழுந்து, "இன்னும் ஒரு மூச்சு பிடிச்சிருந்தா ஒடிஞ்சிருக்கும்," என்றார். அதைக் கேட்க யாரும் நிற்கவில்லை.

முட்டு வீங்கியது. கனகதாஸ் தினமும் போய் எண்ணெய் போட்டுக் கட்டினார். பொன்னையன் காலைக் கொடுத்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டான். மாசி முழுக்க அவன் பனைகள் சும்மா நின்றன.

பங்குனியில் ஒருநாள் கனகதாஸ் தோட்ட வழியாகப் போகும்போது பனை உச்சியிலிருந்து குரல் வந்தது.

"ஆசானே! அந்த சிக்காகோவுல தோத்தவனுக்குக் கெட்டது எந்த முட்டு?"

கனகதாஸ் அண்ணாந்து பார்த்தார். இரண்டு பாதங்களும் தளாப்பில் ஒரே சீராக இருந்தன.

"அது தெரியாது மக்கா. ஆனா அவன் சொன்னது சாக்கு இல்ல."