ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பிய லோரி

எங்கள் லோரி கம்பெனியில் பன்னிரண்டு டிரைவர்கள். அதில் குடிக்காதவன் ஒரே ஒருத்தன், செல்லப்பன். குடித்துவிட்டு ஓட்டிய கேஸில் மாட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவனும் அவன் ஒருத்தன்தான். மற்ற பதினொரு பேரும் நல்லபடியாக ரிட்டயராகி, பேரன் பேத்தி எடுத்து, இன்று கல்யாண மண்டபங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து இளைஞர்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம், "அண்ணே, குடி கேஸ்ல புடிச்சா பைன் எவ்வளவுண்ணே?" என்று கேட்கிறார்கள். பைன்! அந்த அபராதக் காசைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. பூசை

எழுபதுகளின் கடைசி. ஈப்போவில் லகாட் போகிற ரோட்டுப் பக்கம் எங்கள் லோரி யார்டு. பீடோர், சிலிம் ரிவர் எஸ்டேட்டுகளிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வந்து கிடங்குகளில் இறக்குவோம். நான் மூத்த டிரைவர், ராமையா. முதலாளி நடேசன் நம்ம ஆள்தான். அவரும் ஒரு காலத்தில் லோரி ஓட்டியவர்தான். ஊரில் எல்லாருக்கும் அது ஞாபகம் இருந்தது, அவருக்கு மட்டும் மறந்துவிட்டது.

செல்லப்பன் பீடோர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். அவன் அப்பா சம்சு சாராயம் குடித்துக் கண் போனவர். அதனாலேயே இவன் எதையும் தொடமாட்டான். டிராக்டர் ஓட்டிப் பழகி, கனரக லோரி லைசென்ஸ் எடுத்து, மனைவி லெட்சுமியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டான். லெட்சுமி பன்னிரண்டு வயதிலிருந்து பால்மரம் வெட்டி, ரப்பர் பால் வாளி சுமந்தவள். "இனிமே அவ வாளி தூக்கக் கூடாதுண்ணே. எனக்கு அவ்ளோதான்," என்பான். அவனுடைய ஆசை மொத்தமே அதுதான். அது முழுக்க அந்த லைசென்ஸை நம்பித்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கம்பெனிக்குப் புது லோரி வந்தது. முதலாளி அதைச் செல்லப்பனிடம் கொடுத்தார். வண்டிக்கு மாலை, சந்தனம், நாலு பக்கமும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முன்னால் உடைக்கப் பூசணிக்காய். யார்டு மூலையில் இருந்த முனியாண்டி சாமிக்குக் கோழி, சுருட்டு, ஸ்டவுட் பீர், சம்சு. பூசை முடிந்ததும் முதலாளி டம்ளரில் ஸ்டவுட்டை ஊற்றிச் செல்லப்பனிடம் நீட்டினார்.

"மொத டம்ளரு டிரைவருக்குத்தான்."

"மொதலாளி, நான் தொடறதில்லங்க. திருநீறு போதும்."

"இது குடி இல்லலா, பிரசாதம். சாமி குடுக்குறத வேணாம்ங்கிறியா? நாளைக்கு ரோட்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஏதோ கோயில் தர்மகர்த்தா போல முகத்தை வைத்துக்கொண்டு, "குடிப்பா, குடிப்பா," என்றார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அடுத்தது சம்சு. அதோடு விட்டார்களா? இரண்டோடு நிறுத்தினால் ஆகாதாம், ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். மூன்றாவதும் உள்ளே போனது. முனியாண்டி கணக்குப் பார்த்தாரோ என்னவோ, எங்கள் முதலாளி நன்றாகப் பார்த்தார்.

"அண்ணே, தல சுத்துது. செத்த நேரம் படுத்துட்டுப் போறேன்," என்று செல்லப்பன் என் காதில் சொன்னான். நான் போய் முதலாளியிடம் சொன்னேன்.

"பழக்கமில்லாதவன் மொதலாளி. மத்தியானமாப் போவட்டுமே."

"பத்தரைக்கு ராகு காலம்லா ராமையா! புது வண்டி நல்ல நேரத்துல கேட்டத் தாண்ட வேணாமா?"

"அப்ப வேற யாராச்சும் எடுக்கட்டும்."

"சாமிகிட்ட இவன் பேரச் சொல்லியாச்சு. சும்மா சூசா குடுத்துத் தொந்தரவு பண்ணாத."

ஆக, போதையில் இருக்கிறவன் ஓட்டினால் பரவாயில்லை, ராகு காலத்தில் ஓட்டினால்தான் ஆபத்து. பத்து இருபதுக்கு லோரி கேட்டைத் தாண்டியது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

2. சார்ஜனின் மூக்கு

இரண்டு மைல்கூடப் போகவில்லை. சைக்கிள் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தியிருந்த காரின் பின்பக்கத்தில் செல்லப்பன் இடித்துவிட்டான். காரில் யாரும் இல்லை. யாருக்கும் அடிபடவில்லை. லோரிக்கு ஒரு லைட்டும் பம்பரும்தான் போனது. ஆனால் கார்க்காரர் சமாதானத்துக்கு வருகிற ஆள் இல்லை. செல்லப்பன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான், அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டார்.

ஊதிப் பார்க்கிற மெஷின் எல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. வந்த போலீஸ் சார்ஜனின் மூக்குதான் மெஷின். குடித்தாயா என்று அவர் மலாயில் கேட்டார். இந்த மடையன், "சாமி குடுத்தது டுவான், மூணு டம்ளரு," என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். எங்களில் வேறு எவனாக இருந்தாலும் இருமல் மருந்து என்று சொல்லியிருப்பான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கோட்டில் நடக்கவிட்டு, ஒற்றைக் காலில் நிற்கவிட்டு, போதையில்தான் இருக்கிறான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலாளி ஸ்டேஷனுக்கு வந்தார். பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்லப்பனிடம் போகவில்லை. வெளியே நின்ற லோரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பம்பரைத் தடவினார். கடைசியில் என்னிடம், "பூசணிக்கா சரியா ஒடையல. நான் அப்பவே நெனச்சேன்," என்றார்.

அடுத்த வாரமே அந்த லோரிக்கு இன்னொரு பூசை போட்டார். இந்தத் தடவை டம்ளர் வேறொரு டிரைவருக்குப் போனது. அவனும் குடித்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

3. "ஆமானு சொல்லிரு"

கோர்ட்டுக்கு முந்தின நாள் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் ஆபிஸ் அறைக்குக் கூப்பிட்டார். பெரிய மனது பண்ணிக் கோப்பி வரவழைத்தார்.

"செல்லப்பா, மேஜிஸ்திரேட் கேட்டா ஆமானு சொல்லிரு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். பைன நான் கட்டுறேன்."

"லோயர் வைக்க வேணாமா மொதலாளி?" என்றேன்.

"லோயர் வச்சா கேஸ் இழுக்கும்லா. சாட்சிக்கு அவன் வா, இவன் வான்னு கூப்புடுவான். டிரிப்ப யாரு ஓட்டுறது?"

"லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"பைன் கட்டுறவன் லைசென்ஸ எதுக்குப் புடுங்குறான்? எத்தன பேரு கட்டியிருக்கான், ஓட்டாமயா இருக்கான்?"

அவர் சொன்ன அந்த எத்தனையோ பேர் ஸ்பீடு கேஸில் கட்டியவர்கள், ஓவர்லோடு கேஸில் கட்டியவர்கள். இது வேறு கேஸ் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஒரு போன்கூடச் செய்யவில்லை. சாட்சி என்று வந்தால், ஊற்றிக் கொடுத்தது யார் என்ற கேள்வியும் வருமே! அந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டும். அவருடைய கவலை அவ்வளவுதான். செல்லப்பனோ, முதலாளியே பைன் கட்டுகிறேன் என்கிறாரே என்று கண் கலங்கிப்போய், எழுந்து நின்று கும்பிட்டான். எனக்கு அவன்மேலும் எரிச்சல் வந்தது. எஸ்டேட்டில் துரையைக் கும்பிட்டுப் பழகிய கை, ஈப்போவுக்கு வந்தும் மாறவில்லை.

மறுநாள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் குற்றத்தைத் தமிழில் வாசித்து, "ஒத்துக்கிறீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

மேஜிஸ்திரேட் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் பைன் தொகையைச் சொல்லிவிட்டு, "ஒரு வருஷத்துக்கு எந்த வண்டியும் ஓட்டக்கூடாது. லைசென்ஸ ஒப்படைக்கணும்," என்றார்.

"லோரியாங்க?"

"லோரி, காரு, மோட்டார் சைக்கிள், எல்லாந்தான்."

"ஐயா, அது பிரசாதங்க... மொதலாளிதான்..." என்று செல்லப்பன் ஆரம்பித்தான். அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் கூண்டிலிருந்து இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். போலீஸ்காரர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

முதலாளி சொன்ன சொல் தவறாதவர். கவுண்டருக்குப் போய் பைனைக் கட்டினார். வெளியே வந்து செல்லப்பன் முதுகில் தட்டி, "பாத்தியா, முடிஞ்சிருச்சு," என்றார். அன்றைக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்கும் அடுத்த நாள் டிரிப் வேண்டியிருந்தது.

4. போர்டு

லைசென்ஸ் இல்லாத டிரைவரைக் கம்பெனி என்ன செய்யும்? மூட்டை இறக்கச் சொன்னார்கள். அந்தக் கூலி வீட்டு வாடகைக்கே போதவில்லை. மூன்றாவது மாதம் செல்லப்பன் குடும்பத்தோடு எஸ்டேட்டுக்குத் திரும்பிவிட்டான். லெட்சுமி மறுபடியும் வாளியைத் தூக்கினாள்.

அவன் போன பிறகு முதலாளி யார்டில் ஒரு போர்டு மாட்டினார். "குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களுக்கு இங்கே வேலை இல்லை" என்று தமிழிலும் மலாயிலும் சிவப்பு எழுத்து. அதை முனியாண்டிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார். முனியாண்டிக்கு முன்னால் வழக்கம்போல ஸ்டவுட் போத்தல் இருந்தது. பார்த்துப் பார்த்துச் சிரித்தோம், வேறென்ன செய்தோம்?

ஒரு வருஷம் கழித்துச் செல்லப்பன் லைசென்ஸ் ஆபிசுக்குப் போனான். சாதாரண கார் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. சரக்கு லோரிக்கான லைசென்ஸ் கிடைக்கவில்லை. அது தனி லைசென்ஸ், ஆளின் நடத்தையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். குடி கேஸ் இருக்கிறது, குற்றத்தை நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய், அப்புறம் என்ன என்று கேட்டார்களாம்.

முதலாளி ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் நடக்கலாம் என்று நான்தான் போய்க் கேட்டேன்.

"ராமையா, இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான்லா. குடிகாரனுக்கு நான் எழுதிக் குடுத்தா கம்பெனி பேரு என்னாவுறது?"

குடிகாரன்! வாய் கூசாமல் சொன்னார். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்கு மறுவாரம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஈப்போவில் மற்ற லோரி கம்பெனிகளிலும் அவனுக்காகக் கேட்டுப் பார்த்தேன். டிரைவர் இல்லாமல் திண்டாடுகிறவர்கள்கூடக் கேஸைச் சொன்னதும், "இன்சூரன்ஸ்ல பிரச்சன வரும்ணே," என்று கையை விரித்தார்கள்.

5. கேட்டு வரைக்கும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், சிலிம் ரிவர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஷீட் ஏற்றப் போனேன். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. லோடு ஏற்றித் திரும்பும்போது செம்மண் மேட்டில் என் லோரி புதைந்துகொண்டது. முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. ரப்பர் பால் டேங்க் இழுத்துக்கொண்டு வந்த டிராக்டர் ஒன்று நின்றது. இறங்கி வந்தவன் செல்லப்பன். இந்த எஸ்டேட்டுக்கு மாறி வந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றான்.

"நீ இன்னும் ஓட்டுறியா?"

"எஸ்டேட்டு ரோடு தனியார் ரோடுதானண்ணே. இங்க லைசென்ஸ் கேக்க மாட்டாங்க. நவுருங்க, நான் எடுக்குறேன்."

சக்கரத்தடியில் கட்டைகளைப் போட்டான், ஏறி உட்கார்ந்தான். கிளச்சை விடுவதே தெரியவில்லை. மொத்த லோடோடு அந்த மேட்டிலிருந்து வண்டியை எடுத்து, வழுக்குகிற சரிவில் ஒரு முறைகூட பிரேக்கை அமுக்காமல் கீழே கொண்டுவந்தான். எனக்கு அந்தக் கை வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஓட்டும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், பழைய செல்லப்பனாக இருந்தான்.

எஸ்டேட் கேட்டுக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் கதவைத் திறந்தான்.

"டவுன் வரைக்கும் ஓட்டிட்டு வாயேன். கோப்பி குடிச்சிட்டு நானே திரும்பக் கொண்டாந்து விடுறேன். யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"வேணாம்ணே. ஒருக்கா அப்படித்தான் அடுத்தவங்க சொன்னாங்கன்னு ஓட்டிட்டேன்."

இறங்கிக்கொண்டான். பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த லெட்சுமி, காலி வாளிகளோடு ஓரத்தில் நின்றாள். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களாண்ணே?" என்றாள். செல்லப்பன் அவள் கையிலிருந்த வாளிகளை வாங்கிக்கொண்டான்.

குடிக்காதே என்று உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் வேறு எதற்கு? நான் சொல்வது வேறு. பைன் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள், அது யார் வேண்டுமானாலும் கட்டக்கூடிய காசு. முதலாளி ஊற்றிக் கொடுப்பார், நல்ல நேரம் பார்ப்பார், கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லித் தருவார். ஆனால் ஸ்டீயரிங்கில் இருப்பது உங்கள் கை, லைசென்ஸில் இருப்பது உங்கள் பெயர். ஓட்ட முடியாத அன்று ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியிலிருந்து இறங்கிவிடுங்கள். வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். செல்லப்பனைப் போல ஓட்டுகிறவனை நான் என் காலத்தில் பார்த்ததில்லை, அவனுக்கு ரோடு அந்தக் கேட்டோடு முடிந்துவிட்டது.