‘நல்லா இருக்கேன்’ என்றால் நம்ப மாட்டார்

“ஃப்ரிட்ஜைத் திற,” என்றார் சந்திரமதி.

ஃபோனில் தெரிந்த பெண் தயங்கினாள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன எங்கள் தீவுப் பெண். “மேடம், நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றாள்.

“நல்லா இருக்கேன்னு நீ சொன்னதாலதான் கேக்குறேன். திற.”

திறந்தாள். பாதி வெங்காயம், ஒரு சாஸ் பாட்டில், தண்ணீர். “சிங்க்கைக் காட்டு,” என்றார் அடுத்து. ஒரு துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. “மத்லப், ரெண்டு நாளா வெறும் பிஸ்கட்டுன்னு அர்த்தம்,” என்றார் சந்திரமதி, எங்கள் தீவு வழக்கப்படி இந்தி கலந்து. அந்தப் பக்கம் அழுகை கிளம்பியது. இவர் அசரவில்லை. அழுது முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். பிறகு எந்தப் பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம், கல்லூரியில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், பருப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். ஃபோனை வைத்துவிட்டு, வாசலில் நின்ற எங்கள் இருவரில் என்னை மட்டும் பார்த்து, “யார் நீங்க?” என்றார். போலீஸ்காரர்கள்கூட இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிரே மளிகைக் கடை மாடியில் இருக்கிறது அவருடைய அறை. வெளியே போர்டு இல்லை. தீவுப் பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்லூரிகளில் சேர்த்துவிடுவதும், சேர்ந்தவர்கள் படித்து முடிக்கும்வரை ஃபோனிலேயே அவர்களைத் துரத்துவதும் தொழில். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நானில்லை. போர்டு வைக்காமல் தொழில் செய்கிறவர் எதையோ மறைக்கிறார் என்பது என் கட்சி. கேட்டேன். “போர்டு வெச்சா சும்மா போறவன் எல்லாம் ஏறி வருவான் சார். தேடி வர்றவன் வந்தாப் போதும்,” என்றார். கல்லூரிக்காரர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அன்றைக்கு நான் போகவில்லை.

சந்திரமதிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அப்பா பொதுப்பணித் துறை வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பாம்பூஃப்ளாட்டில். தினமும் இந்தப் பக்கத்துச் சாத்தாம் ஜெட்டிக்கு ஃபெர்ரியில் கடந்து வருகிறார். ஃபெர்ரியில் ஏறியதும் முதல் காரியமாக லைஃப் ஜாக்கெட் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். பார்த்த பிறகும் உட்கார மாட்டார். நடுக்கடலில் இன்ஜின் சத்தம் ஒரு சுருதியில் நின்றால்தான் உட்காருவார். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியிடம் போய், “அவ மீன் எப்படி?” என்று கேட்பதையும் பின்னால் ஒரு நாள் இந்தக் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேரும் அவரை ஒன்றும் சொல்வதில்லை. பழகிவிட்டது போலும்.

கல்லூரிகள் அனுப்பும் வழவழப்பான படங்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல். ஒன்றை என்னிடம் நீட்டினார். புல்தரையில் பையன்களும் பெண்களும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “வருஷம் பூரா மழைன்னு சொல்ற ஊரு இது. ஒருத்தன் கையிலயாவது குடை இருக்கா பாருங்க. அரே, காலுல சேறாவது இருக்கா?” எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

இந்தச் சந்தேக புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முன்பு சென்னையில் ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் வேலை பார்த்தாராம். சூடானிலிருந்து ஒரு பையன் வந்து படித்தான். “தினம் காலையில, ‘ஃபைன் மேடம்’னு சிரிச்சுட்டுப் போவான். நானும் பேவகூஃப் மாதிரி நம்பிட்டேன். ஒரு நாள் ஹாஸ்டல் கதவை உடைச்சுத்தான் அவனைத் தூக்கிட்டு வந்தோம். கடவுள் புண்ணியத்துல பொழைச்சுட்டான். அதோட எனக்கு அந்த ஃபைன்ல நம்பிக்கை போச்சு.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருக்கும் கதைகளை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை யோசித்துப் பார்ப்பது வழக்கம்.

நான் அங்கே போனதற்குக் காரணம் முருகையா. புரோத்ராபூரில் எனக்கு அடுத்த வீடு. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து குழந்தையாக இங்கே கொண்டுவரப்பட்டு, தெற்கே ஒரு தீவில் ரப்பர் பால் வெட்டி, இப்போது காய்கறி போடுகிறார். அவர் மகன் யோகராஜைப் போலந்தில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டது சந்திரமதிதான். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை முருகையா என் வீட்டு வேலியில் வந்து நின்றார். “அந்தம்மா என்னைய ஆபீசுக்கு வரச் சொல்லுது. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குது. கூப்புட்டாங்கன்னா ஏதோ வம்புதான். நீங்க கூட வாங்க. அது பேசுறது நெசமா, ஜூட்டான்னு பாத்துச் சொல்லுங்க,” என்றார். ஒரு ஆளைச் சந்தேகிக்க இன்னொரு ஆள் அழைத்தால் நான் மறுப்பதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முருகையாவை உட்கார வைத்துவிட்டு சந்திரமதி சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். “அண்ணே, யோகராஜ் ஒரு மாசமா என் ஃபோனை எடுக்கல. உங்ககிட்ட பேசுறானா?”

“ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி பேசுறானே! நல்லா இருக்கேங்கிறான்.”

“மூஞ்சி தெரியுற மாதிரியா?”

“ஆமா. நேத்துக்கூட நான் ராச்சோறு தின்னுட்டுப் படுக்கப் போறப்ப பேசுனான். அங்க அப்பத்தான் அஞ்சரையாம். பின்னாடி ஒரே இருட்டு. என்னப்பா இருட்டா இருக்குன்னேன். இங்கயும் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிருதுப்பா, நம்ம ஊரு மாதிரியேன்னான்.” முருகையாவின் முகத்தில் ஒரு திருப்தி. மகன் போன ஊரும் நம் ஊர் மாதிரியே இருக்கிறது என்ற திருப்தி.

சந்திரமதி கையில் இருந்த பேனாவை மூடினார். “அண்ணே, ஜூன் மாசத்துல அங்க ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம்,” என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மெயின்லேண்டில் ஒரு தகப்பனிடம் ஐந்தரைக்கு இருட்டிவிட்டது என்று சொல்லியிருந்தால், என்னடா கதை விடுகிறாய் என்று கேட்டிருப்பார். நாம் தீவுக்காரர்கள். ஐந்தரைக்கே விளக்கைப் போட்டு, ஏழுக்குக் கடையடைத்துப் பழகியவர்கள். ஐந்தரை இருட்டு நமக்குப் பொய்யாகவே படாது. பையன் கெட்டிக்காரன், அப்பனுக்கு ஏற்ற பொய்யாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். கோபம் வந்தது.

“உங்க ஃபோனைக் குடுங்க,” என்று வாங்கி, முருகையாவின் எண்ணிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டார் சந்திரமதி. அப்பா என்று நினைத்து அவன் எடுத்துவிட்டான். இவர் முகத்தைப் பார்த்ததும் உறைந்துபோனான். “கேமராவைத் திருப்பு,” என்றார். “மேடம்...” “திருப்பு யோகராஜ்.” திருப்பினான். ஜன்னல் இல்லாத ஒரு நிலவறை. மூட்டை மூட்டையாக வெங்காயம், எண்ணெய் டின்கள், நடுவே ஒரு மெத்தை. அங்கே காலை நேரம், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அவன் தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மெல்ல மெல்ல வந்தது விஷயம். முதல் பருவத்தில் இரண்டு பாடம் போய்விட்டது. வெட்கத்தில் வகுப்புக்குப் போகவில்லை. ஹாஸ்டலை விட்டுவிட்டு ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவி, அதன் கீழறையிலேயே படுத்துக்கொள்கிறான். இந்த வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகரைப் போய்ப் பார்க்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் விசா போகும். அன்றைக்குப் புதன்.

“ஆலோசகர் மாக்டா மேடம் உன்னைக் கூப்பிட்டாங்களா?” என்றார் சந்திரமதி.

“மூணு தடவை கூப்பிட்டாங்க மேடம்.”

“பின்ன ஏன் போகல? அவங்ககிட்ட எதுக்கு வேணா போகலாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!”

“நானாப் போய் அவங்களைப் பார்க்கலாம்னுதான் சொன்னீங்க. அவங்க கூப்பிடுவாங்கன்னு சொல்லலையே. ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்கன்னா...” என்று இழுத்தவன், “அப்பா இருக்காரா?” என்றான். முருகையா ஃபோனுக்குள் தலையை நுழைத்தார். “அப்பா, நீங்கதான சொன்னீங்க. ஆபீஸ்ல கூப்புட்டா தனியாப் போகாத, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போன்னு. இங்க நான் யாரைப்பா கூட்டிட்டுப் போவேன்?”

முருகையா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் அது எழுதாத சட்டம். ஆபீசில் கூப்பிட்டால் சீட்டைக் கிழிக்கத்தான். தனியாகப் போனவன் சொல்லாததை எல்லாம் சொன்னதாக எழுதிவிடுவார்கள். அதனால் தங்கச்சி புருஷனோ, அடுத்த லயத்து வீட்டுக்காரனோ, யாராவது ஒருவன் கூடப் போய் நிற்பான். நிற்கிறவன் ஒன்றும் பேச வேண்டாம், நின்றால் போதும். அன்றைக்குக் காலையில் அந்தச் சட்டப்படிதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் இந்த மனிதர். “அடப்பாவி மவனே,” என்றார் கடைசியில். திட்டுவது போலவே இல்லை. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்திக்கொண்டார். கெட்டிக்காரப் பொய்யன் என்று ஒரு நிமிடம் முன்னால் நான் கோபப்பட்டது அந்தக் குழந்தையின் மீதா என்று இருந்தது.

“அவங்க கூப்பிடுவாங்கன்னு நான் சொல்லலதான்,” என்றார் சந்திரமதி தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்தார். “யோகராஜ், குளி. துவைச்ச சட்டையைப் போடு. இன்னைக்கே கிளம்பு. அப்பா உன்கூட வர்றாரு.”

“நானா?” என்றார் முருகையா.

“ஃபோன்லதான் அண்ணே. காதுக்கு ஒயரை மாட்டிக்கிட்டு அவன் நடக்கட்டும். கட் பண்ண வேணாம்.”

இப்படியாக முருகையா அன்று போலந்துக்குப் போனார். சார்ஜர் ஒயரில் கட்டிப்போட்ட ஃபோனைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி, “டேய், ரயிலு ரோட்டுலயே வருது, பாத்துக் கட!” என்று இங்கிருந்து கத்தினார். டிராமைத்தான் சொன்னார். வெயில் அடித்த தெருவைப் பார்த்து, “என்னா வெளிச்சம்டா!” என்றார். அந்த இடைவெளியில் நான் என் வேலையைப் பார்த்தேன். “அந்த மாக்டா நல்லவங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாரையும் சந்தேகப்படுற ஆளாச்சே,” என்று சந்திரமதியிடம் கேட்டேன்.

“அழுது பாத்திருக்கேன்,” என்றார்.

ஒரு கல்லூரிக்கு முதல் பிள்ளையை அனுப்பும் முன், அங்கே படிக்கும் மாணவனின் சித்தி என்று சொல்லிக்கொண்டு ஃபோன் போட்டு அழுவாராம். பையன் சாப்பிட மாட்டேன் என்கிறான், பயமாக இருக்கிறது என்று. வேறு பிரிவுக்கு லைனை மாற்றிவிட்டால் அந்தக் கல்லூரி வேண்டாம். விதிமுறையைப் படித்துக் காட்டினாலும் வேண்டாம். “இந்தம்மா பையன் பேரைக்கூட அப்புறம்தான் கேட்டாங்க. முதல்ல, அவனுக்கு என்ன புடிக்கும், என்ன சாப்பிடுவான்னு கேட்டாங்க. எனக்கு நெஜமாவே அழுகை வந்துருச்சு சார். மானம் போச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை வேற வேற குரல்ல அழுது பாத்தேன்.”

மாக்டாவின் அறைக் கதவு வந்துவிட்டது. யோகராஜ் நின்றான். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. “போ தம்பி, நான் இருக்கேன்ல,” என்றார் முருகையா. கதவைத் திறந்த பெண்ணுக்கு நரைத்த குட்டை முடி. அவன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்து யார் என்று கேட்டார். “மை ஃபாதர்,” என்றான். திட்டப்போகிறார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அந்தப் பெண் இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார். ஃபோனை அதில் சாய்த்து வைக்கும்படி கைகாட்டினார்.

முருகையா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சந்திரமதி அவர் எதிரே ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார். “நீங்க ஒண்ணும் பேச வேணாம் அண்ணே. பக்கத்துல உக்காந்திருங்க, போதும்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “வாங்க சார் வெளியே. இது அவங்களுக்குள்ள பேச்சு,” என்றார்.

எனக்குப் போக மனமில்லை. என்ன பேசப்போகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? ஆனாலும் போனேன். அவர் கதவைச் சாத்தினார். ஒட்டுப்பலகைக் கதவு, உள்ளே இருமினால் வெளியே கேட்கும். படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். பிறகு யோகராஜின் குரல் ஆங்கிலத்தில் தடுமாறித் தொடங்கியது. சரியாகத்தான் சொல்கிறானா என்று கேட்கத் திரும்பினேன்.

சந்திரமதி இரண்டு படி கீழே, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.