வண்டியில்லாத பீப் சத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் வேம்புலி. மேனாம்பேட்டுக்காரர். அவருடைய அப்பா கழனி வேலைக்குப் போனவர். இவர் இங்கே பெட்டி தூக்கத்தான் சேர்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் சும்மா நிற்கும் வண்டியை ஓட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்து, அந்த இருக்கைக்கு வந்தார். இன்றும் ஏறுவதற்கு முன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

எங்கள் சரக்குக் கூடத்தில் ஒரு விதி உண்டு. ரிவர்ஸில் வரும் வண்டி பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் மற்ற வண்டி அப்படியே நின்றுவிட வேண்டும். பிரஸ் மிஷின்காரர்கள் இரைச்சலுக்காகக் காதில் அடைப்பான் வைத்திருப்பார்கள். ஓட்டுநர்கள் மட்டும் வைக்கக்கூடாது.

இந்தக் கோடையில் வேம்புலி அடிக்கடி நடுவழியில் நிறுத்த ஆரம்பித்தார். திரும்பிப் பார்த்தால் வண்டி எதுவும் இருக்காது.

"இன்னா மாமே, சிக்னல் வுழுந்துச்சா?" என்றான் அப்போதுதான் உள்ளே வந்த முகமது ஆசிக். இன்னொரு வண்டி அவனுடையது.

"எவனோ ரிவர்ஸ் எடுக்கறான்பா."

"என் வண்டி சார்ஜ்ல கீது. வேற எவன் எடுப்பான்? முனீஸ்வரனா?"

கேலி சூப்பர்வைசர் ஸ்ரீநாத்தின் காதுக்குப் போனது. அவர் வந்து நின்று பார்த்தபோது பீப் சத்தமே இல்லை. "காது டெஸ்ட் எடுத்துடலாம்ணா. சரியில்லன்னா வண்டி தர முடியாது. பேக்கிங்குக்குப் போயிடுங்க" என்றார்.

வேம்புலி வீட்டில் எதையும் சொல்லவில்லை. முன்னறையில் உட்கார்ந்து, அடுப்பங்கரையிலிருந்த மனைவி தாயம்மாவிடம், "மெதுவா எதுனா சொல்லு" என்றார்.

"இன்னாத்த சொல்றது?"

"இன்னும் மெதுவா."

"பைத்தியம் புட்ச்சிகீதா உனுக்கு?"

அது தெளிவாகவே கேட்டது.

காது நன்றாக இருப்பதாக டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேம்புலிக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் கோளாறு இல்லையென்றால் தலையில்தானே இருக்க வேண்டும்? அதற்குப் பிறகு பீப் கேட்டால் நிறுத்தவும் பயம், நிறுத்தாமல் போகவும் பயம். மறுபடியும் நடுவழியில் நிறுத்தவே, ஸ்ரீநாத் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை, டீ நேரத்துக்குச் சற்று முன்பு, மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மிஷின்காரர்கள் அடைப்பானைக் காதிலிருந்து எடுத்தார்கள். இரண்டு வண்டிகளும் சுவரோரம் நின்றிருந்தன.

பீப். பீப். பீப்.

ஆசிக் பழக்கதோஷத்தில் வண்டிப் பாதையின் மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம் துள்ளிக் குதித்தான். பிறகுதான் எல்லோரும் மேலே பார்த்தார்கள். கூரையின் இரும்புச் சட்டத்தில் ஒரு மைனா. கழுத்தை உப்பிக்கொண்டு இன்னும் இரண்டு முறை ரிவர்ஸ் எடுத்துவிட்டு, முடிவில் தன் சொந்தக் குரலில் கரகரவென்று ஏதோ சொன்னது.

வேம்புலி இரும்புப் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள்கள் குலுங்கின.

பாதுகாப்பு அதிகாரி கிருஷ்ணப்பிரியாவுக்குப் பறவைகள் பற்றிப் படிக்கிற பழக்கம் உண்டு. "இந்த இரைச்சல்ல சாதாரணமா பாடினா ஜோடிக்கே கேட்காது. சத்தத்தைத் தாண்டி எதோட குரல் கேட்குதோ அதுக்குத்தான் துணை கிடைக்கும், குஞ்சு பிறக்கும். குஞ்சும் அதைக் கேட்டுத்தான் பாடக் கத்துக்கும். பல தலைமுறை போனா ஊர்ப் பறவையும் காட்டுப் பறவையும் வேற வேறயா ஆயிடலாம்" என்றாள்.

"அப்போ அது புள்ளைங்களும் வண்டி ஓட்டும்னு சொல்லுங்க" என்றார் வேம்புலி. குரல் பழையபடி வந்திருந்தது.

"லைசென்ஸ் இல்லாம ஓட்டுது நைனா, புட்ச்சி ஃபைன் போடு" என்றான் ஆசிக்.

ஸ்ரீநாத் வண்டிச் சாவியை வேம்புலியின் கையில் கொடுத்து, "எடுங்கண்ணா" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ஆனால் அன்று டீயை அவரே கொண்டுவந்து நீட்டினார்.

சட்டத்தின் இடுக்கில் இப்போது குஞ்சுகள் கத்துகின்றன. அவற்றில் ஒன்று அரைகுறையாக 'பீ' என்கிறது. எந்த பீப் கேட்டாலும் வேம்புலி இன்றும் நிறுத்துகிறார். முதலில் பின்னால் பார்க்கிறார், பிறகு மேலே.

சாவி கைக்கு வந்த அன்று மாலை, தாயம்மா அடுப்பங்கரையிலிருந்து மெதுவான குரலில் கடைக்குப் போய் வரச் சொன்னாள். வேம்புலி காதில் விழாததுபோலக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்படி நடிக்க அவருக்கு இப்போது தைரியம் வந்திருந்தது.