கைமேல் உட்காரும் பாடம்

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். சுற்றுகிற மெஷின் முழுதாக நிற்கும்வரை அதன்மேல் கையே வைக்கமாட்டாராம். அவ்வளவு பொறுமையாம். அந்தப் பொறுமையை கம்பெனி கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார் போலிருக்கிறது. எங்கள் மகள் செருப்பைப் பார்த்தால் போதும், இவர் குனிந்து மாட்டிவிட்டிருப்பார். குடத்தின் பக்கம் திரும்பினால் தம்ளரில் தண்ணீர் வந்துவிடும். அவள் வளர்ந்த பெண். என் நைட்டி அவளுக்குக் குட்டை. ஆனாலும் வீட்டில் பாப்பாதான்.

பாப்பாவுக்குப் பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும், முக்கால்வாசி புரியும், எதையும் செய்ய நேரம் எடுக்கும். திருவேற்காடு பக்கம் ஒரு சிறப்புப் பள்ளிக்கு வேனில் போய்வருகிறாள். அங்கே கணக்கு, வாய்ப்பாடு என்று உயிரை வாங்குவதில்லை. துணி மடிக்க, காய் நறுக்க, கடையில் வேண்டியதைக் காட்டிக் கேட்க, இதுதான் படிப்பு. கழுத்து நாடாவில் படம் போட்ட அட்டைகள் தொங்கும். தண்ணீருக்கு ஒன்று, வயிற்றுவலிக்கு ஒன்று. விரித்த உள்ளங்கை போட்டது ஒன்று உண்டு. 'பொறு' என்று அர்த்தம். அதை அவளிடம் நாங்கள் காட்டிக் காட்டியே ஓரம் நைந்துவிட்டது.

பள்ளி வாசலை ஒட்டி ஒரு டீ கவுண்டர். பெரிய பிள்ளைகளே நடத்துவது. வேன் டிரைவர்கள், பிள்ளைகளைக் கூப்பிட வரும் பெற்றோர் எல்லாம் அங்கேதான் டீ குடிப்பார்கள். பாப்பாவோடு படித்தவர்கள் எல்லாரும் கவுண்டருக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் இடுப்பளவுப் பிள்ளைகளோடு அதே வகுப்பில். டீ அருமையாகப் போடுவாள். ஆனால் சர்க்கரை வேண்டுமா வேண்டாமா என்று அட்டையைக் காட்டிக் கேட்டு, வந்தவர் பதில் சொல்லும்வரை நிற்கவேண்டும். அங்கேதான் சறுக்கினாள். கேட்கவேமாட்டாள். தன் இஷ்டத்துக்குக் கொண்டுபோய்க் கையில் திணித்துவிடுவாள்.

"வீட்ல யாராவது அவளைக் கேட்டுச் செய்யறீங்களா, இல்ல நீங்களே செஞ்சு முடிச்சிடறீங்களா?" என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார் அவள் வகுப்பு டீச்சர்.

நான் மெதுவாகத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

ஆக, வீட்டுப்பாடம் எங்களுக்கு. அந்தப் பள்ளியில் இதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை ஒரு வேலை செய்யும்போது பெரியவர்கள் தங்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடவேண்டும். வாயையும் திறக்கக் கூடாது.

"இன்னா டீச்சர், நம்ம புள்ளைக்கு நாம செய்யாம வேற யாரு செய்வா?" என்றார் இவர்.

"நீங்க இல்லாத காலத்துல யார் சார் செய்வா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். ராத்திரியெல்லாம் நானே புரண்டு புரண்டு கேட்டுக்கொள்கிற கேள்விதான், ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது சுருக்கென்று இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கலாம். பாப்பா சாம்பார்க் கரண்டியைத் தேடிக்கொண்டிருப்பாள். இவர் கைமேல் உட்கார்ந்தபடி, மீன் கழுவுவதைப் பார்க்கும் பூனை மாதிரி அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். "கை மரத்துப்போச்சுமே" என்று என்னிடம் முனகுவார். கை வெளியே வந்தால் தொடையில் ஒரு தட்டு வைப்பேன். பாப்பா தானாகவே கரண்டியைக் கண்டுபிடித்துவிடுவாள். இந்தப் பாடத்தில் நான்தான் வகுப்பிலேயே முதல் என்பது என் நினைப்பு.

கவுண்டருக்கான பரீட்சை வந்தது. டீ குடிக்க வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "வெளியாளுங்ககிட்ட எல்லாப் பிள்ளைங்களும் நல்லா செஞ்சிடும்மா. பெத்தவங்ககிட்டதான் தோத்துப்போகும்" என்றார் டீச்சர். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைமேல் உட்கார்ந்தோம். இந்த முறையும் தவறினால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு.

பாப்பா முதலில் அப்பாவிடம் வந்து நின்றாள். விரல்கள் அட்டைகளை நெருடின, எடுக்கவில்லை. கேளேன்டி என் தங்கமே என்று மனசுக்குள் கெஞ்சினேன். சர்க்கரை அட்டையை எடுத்தாள். ஒரு பாதியில் சர்க்கரை நிறைந்த ஸ்பூன், பக்கத்துப் பாதியில் அதே ஸ்பூனுக்குக் குறுக்குக்கோடு. அப்பா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் மாத்திரை. அந்த மனுஷன் என் பக்கமே திரும்பாமல் ஒரு கையை மெல்ல உருவி, நிறைந்த ஸ்பூனைத் தொட்டார்.

"யோவ், மாத்திரை போட்டுகினு இன்னா வேலைய்யா இது? பாப்பா, அப்பாவுக்கு வேணாம், அப்டியே குடுத்துடு" என்று எழுந்தேவிட்டேன்.

பாப்பா என்னைப் பார்த்தாள். நிதானமாக நாடாவில் தேடி ஓர் அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஓரம் நைந்த அந்த உள்ளங்கை.

உட்கார்ந்தேன். கைமேல்தான்.

"அவ என்னைத்தானே கேட்டா" என்றார் வீட்டுக்காரர், ரொம்ப அடக்கமாக. பாப்பா சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு என்னிடம் வந்து அதே சர்க்கரை அட்டையைப் பிடித்தாள். எங்கள் வீட்டில் ஒரே பாத்திரத்தில்தான் டீ. அவருக்காகச் சர்க்கரை இல்லாமல் வடித்து, அதையே நானும் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். எனக்கு எப்படி வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. அட்டையிலிருந்த இரண்டு ஸ்பூனையும் மாறி மாறிப் பார்த்தேன். பாப்பா அவசரப்படுத்தாமல் அட்டையைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறைந்த ஸ்பூனைத் தொட்டேன். அவள் திரும்புவதற்குள் இன்னொரு முறையும் தொட்டேன்.

"திங்கக்கிழமையில இருந்து கவுண்டர்ல" என்றார் டீச்சர். சந்தோஷத்தில் பாப்பா கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்தேன். வாய் நிறைய தித்திப்பு.

"உனக்கு இம்மாம் ஆசை கீதுன்னு ஒரு நாளும் சொல்லலியேமே" என்றார் வீட்டுக்காரர்.

"கேட்டாத்தானேய்யா சொல்லுவாங்க" என்றேன்.