வீட்டில் இருக்கிற வெள்ளி

எனக்கு அம்மை போட்ட வருஷத்தோடு எங்கள் வீட்டில் வெள்ளி என்று ஒன்றும் இல்லாமல் போனது. அதற்கு முன்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. யாருடையது என்பதில்தான் தகராறு.

அப்பா பாலக்கரையில் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தா. வீடும் அங்கேயே ஒரு சந்துக்குள். சிகரெட் தொட்டதில்லை, சீட்டுக்கட்டு தொட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே பழக்கம் ரோமாபுரிக் காசு. கரூர்ப் பக்கம் ஆற்று மணலைச் சலிப்பவர்களுக்கு அந்தக் காலத்து வெள்ளிக் காசுகள் எப்போதாவது கிடைக்கும். நம் பழைய நாலணா அளவுதான் இருக்கும், ஓரம் ஒழுங்காக இராது. ஒரு பக்கம் மீசையில்லாத ஒரு ராஜா, மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். சில ராஜாக்களின் கன்னத்தில் உளியால் வெட்டியிருக்கும். உள்ளேயும் வெள்ளிதானா என்று அந்தக் காலத்து வியாபாரி பார்த்த வெட்டு என்பார் அப்பா.

அந்தக் காசுகள் பெரிய கடைவீதியில் ஒரு வெள்ளிக்கடைக்காரரிடம் வந்து சேரும். உருக்குவதற்கு முன் அவர் அப்பாவுக்குச் சொல்லி அனுப்புவார். குமாஸ்தாவிடம் பணம் ஏது? கடைக்காரரே வழி சொன்னார். பழைய வெள்ளிச் சாமான் கொண்டுவந்தால் எடைக்கு எடை காசு. எங்கள் வீட்டில் வெள்ளிச் சாமான் என்றால் அது அம்மாவுக்குத் துறையூரிலிருந்து தாத்தா கொடுத்தனுப்பிய சீர்தான். முதலில் பன்னீர்ச் செம்பு போனது. பிறகு சந்தனக் கிண்ணம், காமாட்சி விளக்கு. கடைசியாக அம்மாவின் கொலுசில் கொக்கி அறுந்தபோது, பற்றவைத்துத் தருகிறேன் என்று வாங்கிப்போன அப்பா, ஒரு கைப்பிடி ராஜாக்களோடு திரும்பி வந்தார்.

அம்மா கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“வெள்ளிக்கு வெள்ளிதானே? வீட்டை விட்டா போயிருச்சு?”

அம்மா அழவில்லை, கத்தவில்லை. உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அது ஒரு சண்டையாகவே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காசுகள் இருந்த பிஸ்கட் டின்னைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போவார். உத்தர வீதியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே பைத்தியம். முதலாளி முன்னால் நிமிராத, வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத அப்பா, அந்த வீட்டுக் கூடத்தில் சத்தமாகப் பேசுவார், தொடையில் தட்டிச் சிரிப்பார். வாத்தியார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, உமக்கு மட்டும் எங்கேர்ந்து ஓய் கிடைக்கறது என்று பொறாமையோடு கேட்பார். அப்பா மழுப்புவார். எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்கு அப்போதும் வாய் வராது, இப்போதும் வராது.

அந்தப் பங்குனியில் எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, அடுப்படியில் தாளிப்பை நிறுத்தி, என்னை வேப்பிலைமேல் படுக்கவைத்தார்கள். உடம்பெல்லாம் முத்து. இடது கண்ணுக்குள்ளும் ஒன்று போட்டுவிட, இமை வீங்கி ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டில் யாரோ, அம்மா காதுபடவே, கண்ணு போன பொண்ணை யாரு கட்டுவா என்று சொன்னார்கள். அப்பா ஆபீசுக்குப் போகாமல் நிலைப்படியில் குந்தி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

“சமயபுரத்தாளே, என் புள்ள கண்ணைத் தொறந்து பாத்துட்டாள்னா, இந்த வீட்டுல இருக்கிற வெள்ளி அத்தனையும் உன் உண்டியல்ல போட்டுடறேன்.”

“போட்டுடலாம், அத்தனையும் போட்டுடலாம்” என்று அப்பாவும் துண்டுக்குள்ளிருந்து சொன்னார். எப்போதோ கடைக்குப் போய்விட்ட பன்னீர்ச் செம்பும் விளக்கும்தான் அப்போது அவர் மனசில் இருந்திருக்க வேண்டும். அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து படத்துக்கு அடியில் வைத்தாள்.

கண் திறந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த அன்று அம்மா பீரோவைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். அப்பா முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். நீ உன் வெள்ளியைத்தானே வேண்டிக்கிட்ட என்றார்.

“என் வெள்ளி எங்கங்க இருக்கு?” அம்மா டின்னை மெல்ல ஆட்டிக் காட்டினாள். “இதுதான் அது. வெள்ளிக்கு வெள்ளின்னு நீங்கதானே சொன்னீங்க.”

மறுநாளே அப்பா டின்னோடு என்னையும் இழுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினார். அதே எடைக்குப் புது வெள்ளி வாங்கிப் போட்டால் சாமி ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். வாத்தியார் என் முகத்துத் தழும்புகளைப் பார்த்தார். டின்னைத் திறந்து ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்துவிட்டு மூடினார்.

“குழந்தைக்காக வேண்டிண்டது ஓய். அதுல பேரம் கூடாது. அவள் யாரு, நம்ம பெருமாளுக்குத் தங்கை. வருஷா வருஷம் இங்கேர்ந்தே அவளுக்குச் சீர் போறது. உம்மாத்துச் சீரும் போகட்டும்.”

சீர் என்ற சொல்லை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பா டின்னை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறிச் சமயபுரம் போனோம். நல்ல கூட்டம். உண்டியலுக்கு முன்னால் அம்மா டின்னை என் கையில் கொடுத்தாள். “உனக்கு வேண்டிக்கிட்டது பாப்பா, நீயே போடு.”

“ஒவ்வொண்ணா போடும்மா” என்றார் அப்பா.

“பின்னாடி ஜனம் நிக்குதுல்ல. கொட்டு” என்றாள் அம்மா.

எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. மொத்தமாகக் கொட்டிவிட்டேன். அவ்வளவு ராஜாக்களும் விழுந்த சத்தம் ஒரு நொடிதான். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டு நானும் கையைக் கூப்பி அழுதேன். அம்மா அழவில்லை. வெளியே வந்ததும் கோயில் கடையில் வெள்ளை முலாம் பூசிய கொலுசு ஒரு ஜோடி வாங்கி, அங்கேயே காலில் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் பெண்கள் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் கொலுசு சத்தம் போட்டது.

அப்பா அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம் போகவில்லை. வெள்ளிக்கடைக்காரர் ஆள் அனுப்பினால் உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொல்வார். வீட்டில் யாரும் சத்தம்போட்டுச் சண்டை போடவில்லை. என் பள்ளிக்கூடம், என் சாப்பாடு, இவற்றைப் பற்றி மட்டும் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். தங்களுக்குள் பேச்சில்லாமலே அவர்கள் கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஒன்று மட்டும் புதிதாக வந்தது. எனக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், அம்மா சாமி படத்துப் பக்கம் திரும்புவதற்குள் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார். செருப்புக்கூடப் போடமாட்டார். எங்கள் அப்பாவுக்கு என்மேல் அத்தனை உயிர் என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.