விரிசல் விட்ட கூரையின் கீழ் அக்கா கல்யாணம்

ஸ்ரீரங்கத்தில் பழைய வீடொன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன்.

முசிறிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோவிலில் கடைசி நாட்களில் எல்லோரும் அப்படித்தான் அண்ணாந்தபடி இருப்போம். ஊர்க்காரர்களே செங்கல் சுமந்து கட்டிய கோவில் அது. உத்தரம் ஒன்றுகூட இல்லாமல், செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே வளைந்து நின்ற கூரையில் நீலம் பூசி நட்சத்திரங்கள் வரைந்திருந்தார்கள். நான் ஆறாவது படித்த வருஷ மழையில் அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே விரிசல் விட்டது. இடிப்பதென்று முடிவான பிறகும், தனக்குத் தாலி ஏறிய பீடத்தின் முன்னால்தான் அக்காவுக்கும் ஏற வேண்டுமென்று அம்மா பிடிவாதமாக நின்றாள்.

பூசை தொடங்கியதிலிருந்து ஒருவரும் மணமக்களைப் பார்க்கவில்லை. பாட்டுக்காரர்கள் அதிர்வுக்குப் பயந்து முணுமுணுப்பாகப் பாடினார்கள். சம்மதம் கேட்க ஃபாதர் வாயெடுத்தபோது காரை பெயர்ந்து அக்காவின் முக்காட்டில் விழுந்தது. அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது.

"பயமா இருந்தா வெளிய போயிடலாம்மா," என்றார் ஃபாதர்.

"வேணாம் ஃபாதர். எனக்குச் சம்மதம். அவங்களைக் கேளுங்க," என்றாள் அக்கா, மேலே பார்த்தபடியே.

தாலி ஏறியது. கூரை விழவில்லை, அடுத்த மாதம் கடப்பாரை போட்டபோதும் லேசில் விழவில்லை. ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாதே. வெயிலுக்கு வந்து நின்ற பிறகுதான் அக்கா மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தாள், அப்புறம்தான் அழுதாள்.